உருளைச் செடிக்கு மருந்து அடிக்கும் முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்க

உருளைக்கிழங்குச் செடியில் நாலு இலை கருகினால் போதும், யாரைக் கேட்டாலும் வேப்பெண்ணெய், புளித்த மோர், பஞ்சகவ்யா என்று ஒரே பதில்தான். மூன்றும் நல்ல பொருட்கள். ஆனால் பின்கருகல் நோய் பிடித்த செடிக்கு வேப்பெண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருந்தால், மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் பாத்தியே காலி. முதலில் என்ன நோய் என்று பாருங்கள்.

பின்கருகலைக் காலை எட்டு மணிக்குள் பார்த்தால்தான் பிடிபடும். இலை நுனியிலோ ஓரத்திலோ வெந்நீர் பட்ட மாதிரி கரும்பச்சைத் திட்டு இருக்கும், சுற்றிலும் வெளிர்பச்சை விளிம்பு. இலையைத் திருப்பினால் அந்த விளிம்பில் மெல்லிசாக வெள்ளைப் பூசணம். வெயில் ஏறினால் அது காய்ந்துவிடும். மதியம் பார்ப்பவருக்கு வெறும் கருகல்தான் தெரியும். சந்தேகமா? அந்த இலையை ஈரமான டிஷ்யூவோடு மூடி போட்ட டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடிப்பக்கம் வெள்ளை கிளம்பியிருந்தால் அதுவேதான். 1845-இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே நோய். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மூடுபனியும் தூறலும் சேரும் இடம் இதற்குச் சொர்க்கம். பக்கத்தில் தக்காளி இருந்தால் அதையும் பிடிக்கும்.

கடையில் "பூஞ்சைக்கொல்லி" என்று கேட்டால் பல இடங்களில் கார்பென்டசிம் கொடுப்பார்கள். இதற்கு அது வேலை செய்யாது, ஏனென்றால் இந்தக் கிருமி உண்மையான பூஞ்சையே இல்லை. மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அல்லது ஒரு சதவீத போர்டோ கலவை. இரண்டும் வருமுன் காப்பவை. கருகின இலையைத் திருப்பிக் கொடுக்காது.

போர்டோ வீட்டிலேயே செய்யலாம். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் பாத்திரம்தான், இரும்பு கூடாது. கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றணும். பிறகு ஒரு இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். ஆணியில் செம்பு படிந்தால், அந்தக் கலவையை அடித்தால் இலை வெந்துபோகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேருங்கள். வடிகட்டி அன்றைக்கே அடித்து முடிக்கணும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி.

பாதிச் செடிக்கு மேல் கருகிவிட்டதா? இனி மருந்துச் செலவு வீண். தண்டை மண்ணோடு ஒட்ட வெட்டி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். கிழங்கை உடனே தோண்டாதீர்கள். இரண்டு வாரமாவது விடணும். தோல் முற்றும், மண் மேலே விழுந்த வித்துகளும் சாகும். அவசரப்பட்டுத் தோண்டினால் அவை கிழங்கில் ஒட்டி, சாக்குக்குள் செம்பழுப்பாக அழுகும்.

முன்கருகலுக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம். அடி இலையில் உலர்ந்த பழுப்புப் புள்ளி, உள்ளே வளையம் வளையமாக இருக்கும். பெரும்பாலும் சத்துக் குறைந்த, வயதான செடியில்தான் வரும். அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு உரம் வைத்தால் பல நேரம் சமாளிக்கும்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கினால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படுங்கள். அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூலாக இறங்கினால் முடிவு தெரிந்துவிட்டது. இதற்கு மருந்து கிடையாது. செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அங்கே மூன்று வருடமாவது தக்காளி, கத்திரி, மிளகாய் எதுவும் வேண்டாம்; மக்காச்சோளம் போடுங்கள்.

நீலகிரிக்காரர்களுக்கு இன்னொன்று. செடி குட்டையாக, மதியம் வாடி, மாலையில் நிமிர்ந்தால் வேரை மெதுவாகக் கழுவிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெள்ளை, மஞ்சள் மணிகள் இருந்தால் முட்டைக்கூடு நூற்புழு. 1961-லேயே நீலகிரியில் கண்டுபிடித்தது. மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். குஃப்ரி சொர்ணா, குஃப்ரி நீலிமா ரகங்கள் தாங்கும்.

இந்த நோய்கள் தோட்டத்துக்குள் வரும் பாதி வழி விதைக்கிழங்குதான். சந்தையில் சமையலுக்கு வாங்கியதை நடுவதுதான் வாடலையும் வைரஸையும் வீட்டுக்குக் கூப்பிடும் வழி. சான்று பெற்ற விதைக்கிழங்கு, ஒன்று 40 முதல் 50 கிராம், முழுக் கிழங்காக நடுங்கள். வெட்டியே ஆகணும் என்றால் ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டின இடத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தக் கிழங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.