1964-க்கு முன்பே நியூயார்க்கில்
அமெரிக்காவில் வேலை தருவதில் இனப்பாகுபாட்டை முதலில் தடுத்தது 1964 குடிமை உரிமைச் சட்டம்தான், மாநில ஆளுநர்களுக்கு அதில் பங்கில்லை என்று ஒரு கட்டுரை சொல்வது தவறு. நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி 1945 மார்ச்சிலேயே ஐவ்ஸ்-குவின் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம் பார்த்து வேலை மறுப்பது அன்றே சட்டவிரோதமானது; ஆறு பேருக்குக் குறைவானோர் வேலை செய்த இடங்களுக்கு விலக்கு. ஓட்டை நடைமுறையில்தான். சட்டத்தை அமல்படுத்த அமைந்த ஐவர் ஆணையம் அன்று தானாக வழக்கெடுக்க முடியாது. எழுத்தில் புகார் வந்தாக வேண்டியிருந்தது, பிறகு மூடிய அறையில் சமரசப் பேச்சு, அது முறிந்தால்தான் பொது விசாரணை. பொது விசாரணை வரை போன புகார்கள் மிகச் சில. வாசலிலேயே 'இடம் காலி இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? அந்த ஆணையர்களை நியமித்ததும் ஆளுநரே. கையெழுத்தைவிட அந்த நியமனங்களைத்தான் கட்டுரை அலசியிருக்க வேண்டும்.