புதிய நியூரானும் பழைய நினைவும்

அம்மாவுக்கு அல்சைமர் என்று உறுதியான வாரத்தில் எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் பாதிக்கு மேல் ஒன்றையே சொல்லின. மனித மூளையில் தினமும் 700 புதிய நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், முளைக்கின்றன, ஆகவே நடைப்பயிற்சியும் மூளைக்குக் கொஞ்சம் வேலையும் கொடுத்தால் போதும், போன நினைவு திரும்பிவிடும் என்பதே அவற்றின் சாரம். அனுப்பியவர்கள் அனைவரும் அன்பினால் அனுப்பியவர்கள்; அவர்களில் எவர்மீதும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை நம்பி அடுத்த ஆறு மாதங்கள் நான் அம்மாவைப் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

தினமும் மாலையில் பழைய புகைப்பட ஆல்பத்தை அவர் மடியில் விரித்து வைத்து, இது யார், இது எந்த வருடம் என்று கேட்பேன். தெரியவில்லை என்றால் குறிப்புக் கொடுப்பேன். மறுநாளும் அதே படத்தைக் காட்டுவேன். முயற்சி செய்யச் செய்ய செல்கள் முளைக்கும், முளைத்தால் விடை வரும் என்பது என் கணக்கு. ஒருநாள் அம்மா ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "என்னை விட்டுடுப்பா" என்றார். அதன் பிறகுதான் அந்த 700 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும், அதிலிருந்து எனக்கு உறுதிப்பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த எண் பொய்யன்று. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. அதற்கு அவர்கள் கையாண்ட வழியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலிருந்த கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. 1963இல் ஏற்பட்ட தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கார்பன் செடிக்குள் போய், உணவாகி, நம் உடலுக்குள்ளும் வந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் சேரும் கார்பன் பிறகு பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், அந்த டி.என்.ஏ.வில் உள்ள கார்பன்-14இன் அளவே அந்தச் செல்லின் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும். இறந்தவர்களின் மூளையிலிருந்து, புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் நியூரான்களைப் பிரித்தெடுத்து இவ்வாறு வயது கணித்தபோது, அவற்றில் ஒரு பகுதி அந்த மனிதர்களைவிட இளையவை என்று தெரிந்தது. ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 புதிய நியூரான்கள் என்ற கணக்கு அப்படித்தான் வந்தது.

வாட்ஸ்அப் செய்திகள் விட்டுவிடுவது அதே ஆய்வில் உள்ள அடுத்த எண்ணை. அவ்வாறு புதுப்பிக்கப்படும் நியூரான் கூட்டத்தில் ஆண்டொன்றுக்கு மாறுவது 1.75 விழுக்காடுதான். அதுவும் ஹிப்போகாம்பஸில் உள்ள டென்டேட் கைரஸ் என்னும் மெல்லிய மடிப்பில் மட்டும். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. மொழியும் முகங்களும் பல காலத்து நினைவுகளும் பெரிதும் சார்ந்திருக்கும் பெருமூளைப் புறணியின் நியூரான்கள் நம் பிறப்பை ஒட்டி உருவானவை. வளர்ந்த பிறகு அங்கே புதியவை சேர்வதாகத் தெரியவில்லை என்பதை, இதே கார்பன் முறையைக் கொண்டு இதே குழு 2006இலேயே காட்டியிருந்தது.

அந்த 700ஐக்கூட எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. வளர்ந்த மூளையில் புதிதாக எதுவும் பிறக்காது என்ற கருத்து, நரம்பியலின் முன்னோடி ரமோன் இ கஹாலின் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது. 1960களில் ஜோசப் ஆல்ட்மன் எலிகளின் மூளையில் புதிய நியூரான்களுக்கான அடையாளங்களைக் கண்டு எழுதினார். 1965இல் கோபால் தாஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிடைக்கவில்லை. குரங்குகளை ஆராய்ந்த பாஸ்கோ ராக்கிச் 1985இல் அப்படி எதுவும் காணவில்லை என்று எழுதினார். 1998இல் பீட்டர் எரிக்சனும் ஃபிரெட் கேஜும் மனித மூளையிலேயே புதிய நியூரான்களைக் காட்டிய பிறகு காற்று எதிர்ப்பக்கம் அடிக்கத் தொடங்கியது. புற்றுநோய்க்காக, பிரியும் செல்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள் செலுத்தப்பட்டு, பின்னர் இறந்துபோன ஐந்து நோயாளிகளின் மூளையே அதற்கு ஆதாரம். சாவதற்குமுன் அவர்கள் விட்டுச்சென்ற அந்தக் கொடையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

பிறகு வந்தது 2018. மார்ச் மாதம் ஆல்வரெஸ்-புய்யாவின் குழு, குழந்தைப் பருவத்திலேயே இந்தப் பிறப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது, வளர்ந்தவர்களிடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றது. அடுத்த மாதமே மவுரா போல்ட்ரினியின் குழு, 79 வயது வரை அது நடக்கிறது என்றது. இரண்டும் கவனமான ஆய்வகங்கள். எப்படி இவ்வளவு முரண்பாடு?

விடையின் ஒரு பகுதி, மூளைத் துண்டு ஊறும் திரவத்தில் இருந்தது. ஒருவர் இறந்த பிறகு எத்தனை மணி நேரம் கழித்து மூளை எடுக்கப்பட்டது, செல்களை நிலைநிறுத்தும் திரவத்தில் அது எவ்வளவு நேரம் ஊறியது என்பவை ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒவ்வொரு விதம். இளம் நியூரானை அடையாளம் காட்டும் டபுள்கார்ட்டின் என்னும் புரதமோ அதிக நேரம் ஊறினால் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போய்விடும். மாட்ரிட்டில் மரியா யோரென்ஸ்-மார்ட்டினின் குழு ஒரே மூளையின் துண்டுகளை வெவ்வேறு நேரம் ஊறவைத்துப் பார்த்தது. சில மணி நேரம் ஊறிய துண்டில் தெளிவாகத் தெரிந்த செல்கள், நீண்ட நேரம் ஊறியதில் வெகுவாகக் குறைந்திருந்தன. இல்லை என்பதற்கும், பார்க்க முடியவில்லை என்பதற்கும் இடையே இருக்கும் தூரத்தை எனக்கு இதைப்போல் விளங்கவைத்தது வேறெதுவுமில்லை. 2019இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, 43 முதல் 87 வயது வரையிலான, நரம்பு நோய் இல்லாத 13 பேரின் மூளையில் இளம் நியூரான்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அல்சைமர் நோயாளிகளிடம், நோயின் தொடக்க நிலைகளிலேயே, அவை குறைந்திருந்தன. இளமையாகத் தெரிவதாலேயே அவை அண்மையில் பிறந்தவை ஆகிவிடுமா, குழந்தைப் பருவத்தில் பிறந்து முதிராமல் காத்திருப்பவையாகவும் இருக்கலாமே என்று மறுதரப்பு கேட்டது, நியாயமான கேள்விதான். 2025இல் ஃப்ரிசேனின் குழு, வளர்ந்தவர்களின் ஹிப்போகாம்பஸில் பிரிந்துகொண்டிருக்கும் தாய்ச்செல்களையே கண்டதாக வெளியிட்டது. ஆனால் சிலரிடம் அவை நிறைய இருந்தன, சிலரிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

என் கருத்தில், புதிய நியூரான்கள் பிறக்கின்றன என்ற பக்கமே இன்று தராசு தாழ்ந்திருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து என் அம்மாவின் நினைவு திரும்பும் என்ற முடிவுக்குப் பாதை கிடையாது. இதைத்தான் நான் ஆறு மாதங்கள் புரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

எலிகளில் இந்தப் புதிய செல்கள் செய்யும் வேலை, ஒன்றுபோல் தோன்றும் இரண்டு அனுபவங்களைப் பிரித்து வைப்பது: நேற்று வண்டி நிறுத்திய இடத்தையும் இன்று நிறுத்திய இடத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதைப் போன்றது. பழையதை மீட்டுத் தருவது அவற்றின் வேலையன்று. ஷீனா ஜோசலினும் பால் ஃபிராங்க்லண்டும் டொராண்டோவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், எலிகள் ஒன்றைக் கற்ற பிறகு அவற்றின் மூளையில் நியூரான் பிறப்பைக் கூட்டியபோது, கற்றதை அவை மேலும் மறந்தன. புதிய செல்கள் உள்ளே வந்து இணைப்புகளை மாற்றியமைக்கும்போது பழைய தடம் கலைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நாளைக்கு ஒரு மருந்து வந்து அம்மாவின் மூளையில் ஆயிரம் செல்களை முளைக்கச் செய்தாலும், அந்த ஆயிரத்தில் ஒன்றுக்கும் அவருடைய திருமண நாள் தெரியாது.

அல்சைமர் நோயில் சிதைவு பெரும்பாலும் ஹிப்போகாம்பஸின் வாசலாக இருக்கும் என்டோரைனல் புறணியில் தொடங்குகிறது. செல்லுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதம் படிகிறது, உள்ளே டௌ புரதம் முடிச்சாகிறது. ஆனால் மறதியின் அளவோடு மிக நெருக்கமாக ஒத்துப்போவது நியூரான்களுக்கிடையே உள்ள இணைப்புகளின் இழப்புதான். அமிலாய்டை அகற்றும் லெக்கானமாப் மருந்தை 1,795 பேரிடம் சோதித்தபோது, 18 மாதங்களில் நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம். மூளை வீக்கமும் இரத்தக்கசிவும் அதன் பக்க விளைவுகள். இழந்த நினைவை அது திருப்பித் தந்ததில்லை.

நடைப்பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. 2011இல் 120 முதியவர்களிடம் நடந்த ஆய்வில் ஓராண்டு நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு பெருத்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியது. ஆனால் அவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு பட்டியலிட்ட 14 காரணிகளை வாழ்நாள் முழுவதும் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு. இரத்த அழுத்தமும் செவித்திறன் குறைவும் அதில் அடக்கம். இவை தடுப்பதற்கான வழிகள். ஏற்கெனவே நோயில் இருப்பவரிடம் இவற்றைக் காட்டி, நீ முயன்றால் மீளலாம் என்று சொல்வது, மீளாதபோது குற்றத்தை அவர் தலையில் கட்டுவதாகும். நான் செய்தது அதைத்தான்.

ஆல்பத்தை மூடிய பிறகு ஒருநாள், என் சட்டையில் பட்டன் தொங்குவதைப் பார்த்த அம்மா கழற்றித் தரச் சொன்னார். ஊசியில் நூல் கோர்ப்பது மட்டும் என் வேலையாயிற்று. நான்கு துளைகளிலும் குறுக்காக நூலை ஓட்டி, அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சிட்டுப் பல்லால் கடித்து அறுத்தார். அதற்குள் நான் எப்போது வந்தேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டார். கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. 1953இல் அறுவை சிகிச்சையில் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்த ஹென்றி மொலைசன், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார், ஆனால் முந்தைய நாள் வரைந்தது அவருக்கு நினைவில்லை என்று உளவியலாளர் பிரெண்டா மில்னர் கண்டார். கைப்பழக்கத்தின் நினைவு தங்குமிடம் வேறு. என் அம்மாவிடம் அந்த இடம் இன்னும் பெரிதும் சேதப்படாமல் இருக்கிறது.

சென்ற வாரம் ஓர் உறவினர் அதே 700 செய்தியை அனுப்பி, இது உண்மையா என்று கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு இப்போதுதான் நோய் உறுதியாகியிருக்கிறது. என் பதிலில் நியூரான் பற்றி ஒரு வரிதான் எழுதினேன்: எண் உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. மற்றபடி இரண்டு கேள்விகள் கேட்டேன். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சோதித்தீர்களா? அவருடைய கைக்கு நன்றாகப் பழகிய வேலை எது?