அந்தத் துறவியோடு போயிற்று எல்லாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட ஐரோப்பியக் கடல் கொள்ளையர்களைப் பற்றிய 'வைக்கிங்ஸ்' தொடரை இன்னும் பார்க்காதவர்கள், பாதியில் இருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளவும். யார் எப்போது சாகிறார்கள் என்பதெல்லாம் கீழே இருக்கிறது. அப்புறம் கமெண்ட்டில் வந்து திட்டக் கூடாது.

போன மாதம் தம்பி மூன்று வாரம் என்னோடு தங்கியிருந்தான். அவனுக்கு இது முதல் முறை, எனக்கு மூன்றாவது சுற்று. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தால் இரண்டு எபிசோடு, ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு. நான்காவது சீசனில் நாயகன் ரக்னரைப் பாம்புக் குழிக்குள் தள்ளுகிறார்கள் இல்லையா, அன்றைக்கு ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்தான். "இதுக்கு மேல என்னண்ணே இருக்கு?" என்றான்.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையேதான் சொல்வார்கள். ரக்னர் போனதும் தொடர் போச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 44-வது எபிசோடு. மொத்தம் 89. சரிபாதியில் நாயகனைக் கொன்றுவிட்டு மீதிப் பாதியை ஓட்டியிருக்கிறார் தொடரை உருவாக்கிய மைக்கேல் ஹர்ஸ்ட். எல்லா எபிசோடையும் அவர் ஒருவரே எழுதினார் என்பதால் பழியைப் பங்கு போடவும் ஆள் இல்லை.

ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தொடருக்கு அடி விழுந்தது அதற்கும் 19 எபிசோடு முன்னால். மூன்றாம் சீசன், ஆறாவது எபிசோடு. ரக்னருக்குப் படகு கட்டித்தரும் ஃப்ளோக்கி, ரக்னரின் நண்பனான கிறிஸ்தவத் துறவி ஏதல்ஸ்டனைக் கொல்லக் கோடரியோடு அவன் குடிசைக்குள் நுழைகிறானே, அங்கே.

ஏன் என்று சொல்கிறேன்.

ரக்னர் யார்? முதல் எபிசோடில் அவன் ஒரு விவசாயி. வருஷா வருஷம் கோடையில் ஜமீன்தார் மாதிரி இருக்கும் அந்த ஏர்ல் ஹரால்ட்சன் சொல்கிற திசையில், அதாவது கிழக்கே, அவருடைய படகில் போய்க் கொள்ளையடித்து, பங்கை அவரிடமே கொட்டிவிட்டு வரவேண்டும். மேற்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறான் ரக்னர். அங்கே ஒன்றுமே இல்லை என்கிறார் ஏர்ல். ஃப்ளோக்கி திருட்டுத்தனமாகப் படகு கட்டுவதும், மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சூரியனைக் கண்டுபிடிக்க ஒரு படிகக் கல்லைத் தூக்கிப் பிடிப்பதும், கரை எங்கே என்று பார்க்க அண்டங்காக்கையைப் பறக்கவிடுவதும் எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான். நாயகனுக்கு ஆத்திரமோ பழியோ முதலாக இல்லாமல், ஒரு கேள்வி முதலாக இருக்கும் சண்டைத் தொடர் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?

இங்கிலாந்துக் கரையில் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் மடத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் வெள்ளியை அள்ளுகிறார்கள். மூலையில் ஓர் இளம் துறவி, அதாவது ஏதல்ஸ்டன், ஒரு புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்குகிறான். இத்தனை பொருள் இருக்கும்போது இதை ஏன் காப்பாற்றப் பார்த்தாய் என்று கேட்கிறான் ரக்னர். கொல்ல வந்தவன் கேட்கிற கேள்வியா அது? அவனைக் கொல்லாமல் ஊருக்குக் கொண்டுவருகிறான். சகோதரன் ரோலோவுக்கு இது புரியவே இல்லை. கூட வந்தவர்கள் கிண்ணங்களையும் சிலுவைகளையும் கொண்டுவந்தார்கள். இவன் மேற்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஓர் ஆளையே கொண்டுவந்துவிட்டான்.

சுவீடனின் பழைய கோயில் ஊரான உப்சாலாவில் நடக்கும் எபிசோடைத் தம்பிக்காக நிறுத்தி நிறுத்திப் போட்டேன். ஏதல்ஸ்டனைத் திருவிழாவுக்கு என்று கூட்டிப்போகிறார்கள். பலி கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. கோயில் பூசாரி மூன்று முறை கேட்கிறான், உன் பழைய தெய்வத்தை விட்டுவிட்டாயா என்று. மூன்று முறையும் விட்டுவிட்டேன் என்கிறான். பேதுரு மூன்று முறை மறுதலித்த கதை தெரிந்தவர்களுக்கு அங்கே ஒரு நெருடல் வரும். மறுதலித்தும் பூசாரி நம்பவில்லை. மனசு இன்னும் அங்கேதான் இருக்கிறது, இந்தப் பலி செல்லாது என்று சொல்லிவிடுகிறான். உதடு துரோகம் செய்தும் உள்ளே இருந்த ஏதோ ஒன்று அவன் உயிரைக் காப்பாற்றிவிட்டது. அவனுக்குப் பதிலாக லீஃப் தானாக முன்வந்து சாகிறான். (உப்சாலாவில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை ஒன்பது ஒன்பதாகப் பலி கொடுத்தார்கள் என்று பிரேமன் நகரத்து ஆதாம் என்ற பாதிரியார் 1070-களில் எழுதிவைத்திருக்கிறார். அவர் நேரில் பார்த்து எழுதியதல்ல, கேட்டு எழுதியது.)

அப்புறம் இங்கிலாந்தின் வெஸெக்ஸ் பகுதி அரசன் எக்பர்ட் வருகிறான். லைனஸ் ரோச் நடிப்பு. அப்படி ஒரு வழுக்கலான, படித்த, சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற ராஜாவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. சிலுவையில் அறையப்பட்ட ஏதல்ஸ்டனை அவன்தான் இறக்குகிறான். ஒளித்துவைத்திருக்கும் ரோமானியச் சுருள்களைப் படித்துச் சொல்ல வைக்கிறான். ஆக, கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், இருவருக்கும் வேண்டியது ஒரே ஆள். அவன் தலைக்குள் இரண்டு உலகமும் இருக்கிறது. முதல் மூன்று சீசனின் முதுகெலும்பு இதுதான். மற்ற சண்டை, கேடயச் சுவர், கோட்டை ஏறுவது எல்லாம் சதை.

சரி, ஃப்ளோக்கி. தம்பிக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பைத்தியக்காரப் பய, பொறாமையில வெட்டிட்டான்" என்றான். பொறாமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளோக்கிக்கு ஒரு பயமும் இருந்தது. இந்த ஒற்றை மனிதனை விட்டுவைத்தால் நம் தெய்வங்கள் நமக்கு இல்லாமல் போய்விடும் என்ற பயம். சரித்திரத்தைப் பார்த்தால் அவன் பயந்ததில் தப்பே இல்லை. கதை நடக்கும் காலத்துக்குப் பின் ஏறக்குறைய நூறு ஆண்டில், டென்மார்க் அரசன் ஹரால்ட் புளூடூத் தானே ஞானஸ்நானம் வாங்கி, டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் நான் என்று யெல்லிங் என்ற ஊரில் கல்வெட்டே வைத்தான். (ஆமாம், உங்கள் போனில் இருக்கும் புளூடூத்துக்கு அவன் பெயர்தான்.) குஸ்தாஃப் ஸ்கார்ஸ்கார்ட் அந்தப் பாத்திரத்தைக் கோமாளியாகவும் பூசாரியாகவும் ஒரே உடம்பில் வைத்து நடித்திருப்பார். அதனால் எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, வேறென்னவோ வந்தது.

ஏதல்ஸ்டன் உடலைத் தூக்கிக்கொண்டு ரக்னர் தனியாக மலை ஏறுகிறான். புதைக்கிறான். செத்தவனிடமே பேசுகிறான், எனக்குத் தெரியாததைச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள் என்ற தொனியில். திரும்பி வந்து கத்தியை எடுத்துத் தன் தலையைத் தானே மழித்துக்கொள்கிறான், ரத்தம் வழிய வழிய. ஏதல்ஸ்டனின் சிலுவையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்கிறான். தம்பி மெதுவாக, "மொட்டை போடுறான்ணே" என்றான். வைக்கிங் வழக்கத்தில் அதற்கு என்ன அர்த்தமோ, நம் வீட்டில் பிறந்தவனுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் வரும் ரக்னர் பழைய ரக்னர் இல்லை. பாரிஸ் வாசலில் ஞானஸ்நானம் வாங்குகிறானே, எல்லாரும் அதைச் செத்ததுபோல் சவப்பெட்டியில் படுத்து நகருக்குள் நுழையும் தந்திரத்துக்கான முன்னேற்பாடு என்று மட்டும் பேசுகிறார்கள். ஏதல்ஸ்டன் போன சொர்க்கத்துக்குத் தானும் போய் அவனைப் பார்க்க வேண்டும் என்பது அவன் வாயாலேயே வருகிறது. தந்திரமும் நிஜம், ஆசையும் நிஜம். ஆனால் கேள்வி கேட்கும் மனிதன் அதோடு தீர்ந்துவிட்டான். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

நடுவில் சரித்திரப் புலிகளுக்கு ஒரு வார்த்தை. லிண்டிஸ்ஃபார்ன் கொள்ளை 793. பாரிஸை ரக்னர் என்ற பெயரை ஒத்த ஒருவன் தாக்கி 7,000 பவுண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு போனது 845. தொடரில் பாரிஸைக் காக்கும் ஓடோ பிரபு நிஜத்தில் காத்தது 885-86 முற்றுகையில். ரோலோ பிராங்க் அரசனிடம் நிலம் வாங்கி நார்மண்டிக்கு அடி போட்டது 911. லிண்டிஸ்ஃபார்னில் ரோலோவுக்கு 30 வயது என்று வைத்தால், நிலம் வாங்கும்போது 148. தொடரில் ரக்னரின் ஊராக வரும் கட்டேகாட் என்பது ஊரே இல்லை, டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவிலிருக்கும் கடல். டென்மார்க்கின் மிக உயரமான இயற்கை மேடு 170 மீட்டர் சொச்சம்தான். நாம் பார்த்து வாயைப் பிளந்த மலைகளில் பெரும்பாலானவை அயர்லாந்தில் விக்லோ பக்கம் எடுத்தவை. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உறுத்தவில்லை. ரக்னரே பாதி கட்டுக்கதை. தொடரில் ரக்னரின் முதல் மனைவியாக வரும் லகெர்தாவைப் பற்றி எழுதிய டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ 1200 வாக்கில் இருந்தவர். ரக்னர் கதையை ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதிவைத்தது 13-ஆம் நூற்றாண்டில். ஊர் ஊராகத் திரட்டிய கதையை இன்னும் கொஞ்சம் திரட்டியிருக்கிறார் ஹர்ஸ்ட், அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்த தில்லுமுல்லு ஒன்று உண்டு: எக்பர்ட்டின் பேரன் ஆல்ஃபிரட்டை ஏதல்ஸ்டனின் மகனாக்கியது. வடிகட்டிய கற்பனை. ஆனால் நிஜ ஆல்ஃபிரட்டின் பேரன் பெயர் ஏதல்ஸ்டன். இங்கிலாந்து முழுவதையும் 927-இல் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவன்.

இனி அந்த 43-ஆம், 44-ஆம் எபிசோடுகள். எல்லாம் இழந்த ரக்னர், நடக்க முடியாத மகன் ஐவரை முதுகில் சுமந்துகொண்டு வெஸெக்ஸ் சேற்றில் நடக்கிறான். குழந்தையாக இருக்கும்போது காட்டில் விட்டுவிட்டு வந்த அதே மகன். எக்பர்ட்டும் ரக்னரும் ஒரு மேசையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. இரண்டு கிழவர்கள் பேசுகிறார்கள். தெய்வமே இல்லை என்றால் எதற்குமே அர்த்தமில்லையே என்கிறான் எக்பர்ட். இல்லை, எல்லாவற்றுக்குமே அர்த்தம் உண்டு என்கிறான் ரக்னர். சின்னப் பையன் ஆல்ஃபிரட்டைப் பார்த்ததும் அவன் முகத்தில் யாரைத் தேடுகிறான் என்று சொல்லவேண்டுமா? தொடரின் உச்சம் இதுதான் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். எனக்கு இருக்கும் ஒரே சந்தேகம்: அந்த மேசையில் இரண்டு பேர்தானா இருந்தார்கள்? காலியாக இருந்த மூன்றாவது நாற்காலிக்காகத்தான் அந்தப் பேச்சே நடந்தது.

பிறகு பாம்புக் குழிக்கு மேல் கூண்டில் நின்றுகொண்டு, தெய்வங்களின் தலைவன் ஓடின் விருந்து வைத்துக் காத்திருக்கிறார் என்று முழங்குகிறான். நேற்றுவரை தெய்வத்தைச் சந்தேகப்பட்டவன்! மகன்கள் கிளம்பி வர ஒரு வீரச் சாவு வேண்டும், அதை நடித்துக்கொடுக்கிறான். ரக்னராக நடிக்கும் டிராவிஸ் ஃபிம்மல் கண்ணில் இரண்டும் தெரியும். கூட்டத்துக்குள் மாறுவேடத்தில் நின்று எக்பர்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மீதி 45 எபிசோடைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எக்பர்ட் சாகும் விதம் மட்டும் அபாரம். அரியணையை முன்கூட்டியே மகனுக்கு மாற்றிவிட்டு, அதிகாரமே இல்லாத கையால் கிழக்கு ஆங்கிலியாவை வைக்கிங்குகளுக்கு எழுதிக் கொடுக்கிறான். நம் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர்கள் தோற்றார்கள். கையெழுத்து போட்டுவிட்டு ரோமானியக் குளியல் தொட்டியில் இறங்கி மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். அந்தப் புத்திசாலித்தனம்தான் தொடரின் கடைசிப் புத்திசாலித்தனம். பிறகு ஐவருக்கும் லகெர்தாவுக்கும் ரக்னரின் மூத்த மகன் பியோர்னுக்கும் மாறி மாறிப் பழி வாங்கும் வேலை. யார் எந்தப் பக்கம் என்று இன்னொரு மகன் ஹ்விட்செர்க்குக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? சீசனுக்குப் பத்து என்று இருந்ததை இருபதாக்கியதும் சேர்ந்துகொண்டது. ஐவராக வந்த அலெக்ஸ் ஹோக் ஆண்டர்சன் நல்ல நடிகர்தான். தவழ்ந்துகொண்டே ஒரு சபையை மிரட்டுகிறார். ஆனால் ஐவருக்கு எல்லாமே தெரியும். தெரியாதது என்று ஒன்று இருக்கிறது என்ற எண்ணமே அவனுக்குக் கிடையாது.

ஃப்ளோக்கி மட்டும் விதிவிலக்கு. தன் தெய்வங்களின் நாட்டைத் தேடி ஐஸ்லாந்து போகிறான், கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் கொன்று தீர்க்கிறார்கள். கடைசியில் ஒரு குகைக்குள் இறங்குகிறான். உள்ளே, யாரோ எப்போதோ நட்டுவைத்துப் போன ஒரு சிலுவை நிற்கிறது. நார்வேக்காரர்களுக்கு முன்பே அயர்லாந்துத் துறவிகள் அங்கே இருந்தார்கள் என்று ஐஸ்லாந்தின் பழைய வரலாற்று நூலே சொல்வதால் இது வெறும் ஜோடனையும் இல்லை. ஃப்ளோக்கி அதைப் பார்த்துச் சிரிக்கிறானா அழுகிறானா என்று மூன்று முறை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

ஊருக்குப் போன தம்பி மனசு கேட்காமல் மீதியைத் தொடர்ந்து பார்க்கிறான். நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெசேஜ்: "அண்ணே, ரக்னரை விட ஐவர்தான் கெத்து." வாதாடும் நிலையில் நான் இல்லை. குகை எபிசோடு வந்ததா என்று மட்டும் கேட்டேன்.

இன்னும் நாலு இருக்கிறதாம்.