எரிமலைச் சாம்பல் விழுந்த தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

ஹவாயின் கீலவேயா எரிமலை 2024 டிசம்பர் 23-ல் மறுபடி பொங்கத் தொடங்கி, 2025-லும் விட்டு விட்டு நெருப்புக்குழம்பை உயரப் பீய்ச்சியது. அந்தத் தீவின் பூனா, கஊ பகுதிகளில் பல வீடுகளுக்குக் கூரையில் விழுந்து தொட்டியில் சேரும் மழைநீர்தான் ஆதாரம். சாம்பல் விழும்போதெல்லாம் எழும் கேள்விதான் மேலே இருப்பது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். சாம்பலிலிருந்து தண்ணீரில் இறங்கும் ஃபுளோரைடும், கூரையிலிருந்தும் குழாயிலிருந்தும் கரையும் ஈயமும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும். தருமபுரிப் பக்கத்து மக்களுக்கு ஃபுளோரைடின் பிடிவாதம் நன்றாகவே தெரியும் (அங்கே அது நிலத்தடிப் பாறையிலிருந்து வருகிறது).

என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது வேறு: தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றியாச்சா? 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் படிந்தாலே 100 லிட்டர் சாம்பல். அடுத்த மழை அத்தனையையும் தொட்டிக்குள் இறக்கிவிடும். எச்சரிக்கை வந்த உடனே குழாயைக் கழற்றி, தொட்டியை மூடுங்கள். விழுந்து முடிந்ததும் முகமூடி போட்டுக்கொண்டு, தூசி பறக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துக் கூரையைப் பெருக்குங்கள். ஊற ஊறச் சாம்பல் கனக்கும், வடிகாலில் இறங்கினால் கெட்டிப்பட்டு அடைக்கும். ஒரு நல்ல மழை கூரையைக் கழுவிய பிறகு குழாயை மாட்டினால் போதும்.

உள்ளே விழுந்துவிட்டதா? கலக்காதீர்கள், அடியில் படியட்டும். கலங்கலாக இருக்கும்போது குளோரின் போடுவது வீண். துகள்களின் மறைவில் கிருமி தப்பிவிடும். வடிகட்டியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது தெளிந்த தண்ணீரைத்தான். எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடு மழையை அமிலமாக்குகிறது. அந்த அமிலம் கூரையிலும் குழாய்ப் பற்றவைப்பிலும் உள்ள ஈயத்தைக் கரைத்துத் தொட்டிக்குக் கொண்டுவரும். 1988-ல் அதே தீவின் கோனா பகுதியில், கூரைநீரைப் பிடித்துப் புழங்கிய வீடுகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தின் குடிநீரில் இப்படிக் கரைந்த ஈயம் இருந்தது. சில வீட்டாரின் இரத்தத்திலும் ஈயத்தின் அளவு கூடியிருந்தது. அங்கே சாம்பலே விழத் தேவைப்படவில்லை, காற்றில் வந்த புகையே போதுமானதாக இருந்தது. ஈயத்துக்கு நிறமில்லை, வாடையில்லை. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த முடிவு கைக்கு வரும்வரை, குடிக்கவும் சமைக்கவும் குழந்தைக்குப் பால் கலக்கவும் வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரையே எடுங்கள்.