சொட்டுவது இங்கே, ஓட்டை எங்கே மாப்பிள்ளை?

நாங்கள் இருப்பது சியாட்டலுக்கு வடக்கே பாத்தெல் என்கிற ஊரில். என் வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினார், அதாவது கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. 24 அடி நீளம், 2004 மாடல், ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு கட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் வகை. அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர், எங்களோடு கொஞ்ச நாள் இருக்க வந்திருக்கிறார். போன வாரம் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருக்கிற ஹோ மழைக்காட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினோம். பேரே ஹோ. வருஷத்துக்குச் சுமார் 140 அங்குலம் கொட்டுகிற இடம், கரூரில் அதில் கால் பங்குகூடப் பெய்யாது. அப்பாவுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்து அந்த மேல் கட்டிலை அவருக்கே கொடுத்தோம்.

அடுத்த சனிக்கிழமை, மழை விட்டிருந்த நேரத்தில், எங்கள் வாசலில் நடந்த பேச்சு இது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை.

அப்பா: ஏனுங்க மாப்பிள்ளை, வண்டிக்குள்ளேயே குளிக்கிற வசதி இருக்கிறது என்று சொன்னீர்கள். படுத்துக்கொண்டே குளிக்கலாம் என்று சொல்லவில்லையே?

இவர்: அது ஒழுகலாக இருக்காது மாமா. நாலு பேர் மூச்சு விட்டோம், ராத்திரி ரசம் வேறு கொதித்தது, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. அந்த ஆவி போய் குளிர்ந்த கூரையில் பட்டு, தண்ணீராகி...

அப்பா: ரசம் சொட்டியிருந்தால் புளித்திருக்குமே. இது நேராக என் வாயில் விழுந்தது, ஊறின மரத்தூள் வாசனை அடித்தது. நான் அனுப்பின திருஷ்டி பொம்மை முன்னாடி இருக்கவே இதோடு போயிற்று, இல்லையென்றால் அந்தக் காட்டில் மரமே விழுந்திருக்கும்.

இவர்: சரி, எதற்குப் பேச்சு, மீட்டரில் பார்த்துவிடலாம். (ஈரம் அளக்கிற கருவியின் இரண்டு ஊசிகளையும் கட்டிலுக்கு மேலே இருக்கும் பலகையில் குத்துகிறார்.) இங்கே 11 சதவீதம். இங்கே 13. இந்த மூலையில்... 31.

அப்பா: (அதே மூலையைக் கட்டை விரலால் அமுக்குகிறார். விரல் உள்ளே போகிறது.) என் மீட்டர் பன் என்று காட்டுகிறது. டீயில் நனைத்த பன்.

இவர்: ஆனால் மாமா, இதற்கு நேர் மேலே ஆகஸ்டிலேயே ஒரு முழு ட்யூப் சிலிக்கான் அடித்தேனே!

அப்பா: நேர் மேலேயா?

இவர்: டேப் வைத்து அளந்து, நேர் மேலே.

அப்பா: எங்கள் பட்டறையிலும் ஒரு பையன் இப்படித்தான், கண்டக்டர் தலையில் சொட்டுகிறது என்றால் கண்டக்டர் தலைக்கு மேலேயே அடைத்துக்கொண்டு இருப்பான். ஓட்டை பின்னாடி ஏணி பிடித்திருக்கிற இடத்தில் இருக்கும். தண்ணீர் உள்ளே வந்தால் உடனே விழாது மாப்பிள்ளை. சட்டத்தைப் பிடிக்கும், வயரைப் பிடிக்கும், சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும், பிரேக் போட்டால் முன்னாடி வரும், மேடு ஏறினால் பின்னாடி போகும், இனிமேல் போக வழியே இல்லை என்றால்தான் கீழே இறங்கும். டிக்கெட் எடுக்காதவன் மாதிரி. ஏறின ஸ்டாப் ஒன்று, பிடிபடுகிற ஸ்டாப் ஒன்று.

இவர்: அப்படியென்றால் எங்கே ஏறியிருக்கும்?

அப்பா: அதெல்லாம் எதற்கு? ஒரு டப்பா தார் கொண்டு வாருங்கள், கூரை முழுக்க ஒரு கோட்டிங் இழுத்துவிடலாம்.

இவர்: ஐயோ மாமா, தார் ஆகவே ஆகாது! இது பஸ் மாதிரி தகடு இல்லை. மெல்லிய பிளைவுட், அதன் மேல் ஈபிடிஎம் என்று ஒரு ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறது. பெட்ரோலியம் கலந்தது எது பட்டாலும் அந்த ரப்பர் உப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவலாம், இடுக்கு அடைக்கிற பசை, அதான் சீலன்ட், அது போடுகிற இடத்தை ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். அதற்கு மேல் அதனிடம் எந்த உரிமையும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்பா: புது மருமகள் மாதிரியா? சரி. சிலிக்கான் மட்டும் ஆகுமா?

இவர்: (குரல் இறங்குகிறது) ஆகாதுதான். ரப்பரில் சரியாகப் பிடிக்காது, ஓரம் கிளம்பிவிடும். அப்புறம் அது இருந்த இடத்தில் வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டி வைத்து, ரப்பர் கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

அப்பா: இது ஆகஸ்டில் தெரியாதா?

இவர்: அந்த வீடியோவை செப்டம்பரில்தான் பார்த்தேன் மாமா.

(சுரண்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கூரையில் நிற்கக் கூடாதாம், பலகை போட்டு முட்டி போட்டுத்தான் நகர வேண்டுமாம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவர் இவ்வளவு நேரம் முட்டி போட்டு நான் பார்த்ததில்லை. என் தோசைக் கரண்டி ஒன்றும் மேலே போயிருக்கிறது, அது தனிக் கணக்கு.)

அப்பா: (கீழேயிருந்து) மேலே என்னென்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

இவர்: ஏசிக்கு 14 அங்குலச் சதுரத்தில் ஒரு ஓட்டை. காற்றுப்போக்கி இரண்டு. குளியலறைக்கு மேலே ஸ்கைலைட். கழிவுக் குழாய்க்கு ஒரு மூடி. அப்புறம் டிவி ஆண்டெனா, ஃபிரிட்ஜுக்கு ஒரு புகைபோக்கி...

அப்பா: கூரையைப் போட்டுவிட்டு ஓட்டை போட்டார்களா, ஓட்டைகளை வரிசையாக வைத்துவிட்டுச் சுற்றிலும் கூரை போட்டார்களா?

இவர்: காற்றுப்போக்கி ஓரத்தில் பழைய சீலன்ட் வெடித்திருக்கிறது மாமா. ஏசி போல்ட்டும் லூசாக இருக்கும் போல, இறுக்கிவிடட்டுமா?

அப்பா: அளவாக. ரொம்ப இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கிவிடும், அப்புறம் அதுவே வழி விடும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பை மட்டும் நம்பாதீர்கள். நாங்கள் பாடி கட்டி முடித்தால் மேலே தண்ணீர் அடித்துவிட்டு, ஆளை உள்ளே டார்ச்சோடு உட்கார வைப்போம்.

இவர்: அதைவிட நல்ல வழி இருக்கிறது. இலை ஊதுகிற ப்ளோயரை ஒரு காற்றுப்போக்கியில் வைத்து, சுற்றிலும் அட்டை வைத்து டேப் ஒட்டி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, வண்டிக்குள்ளே காற்றை ஏற்றுவோம். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால்...

அப்பா: அட, சைக்கிள் பஞ்சர்!

இவர்: அதேதான் மாமா.

அப்பா: இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே! சிங்க் குழாய் வளைவில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள், இல்லையென்றால் காற்று அந்த வழியில் ஓடிவிடும். அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேன் துவாரத்தையும் அடையுங்கள். முன்பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன், சின்ன ஏணிதான், நான் ஏறாத பஸ்ஸா?

(ப்ளோயர் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தெருவே கேட்டது.)

இவர்: மாமா! காற்றுப்போக்கி ஓரத்தில் குமிழி வருகிறது! இரண்டு ஸ்க்ரூ!

அப்பா: என்ன, கூழா?

இவர்: குமிழி! குமிழி! உங்கள் பக்கம் ஏதாவது தெரிகிறதா?

அப்பா: முன்னாடி வரிசையாக இருக்கிற சின்ன விளக்கெல்லாம் சுத்தமாக இருக்கிறது! இருங்கள்... இருங்கள்... ஐயோ, முகத்தில் வருகிறது!

இவர்: சோப்பு கண்ணில் பட்டுவிட்டதா? கண்ணைக் கழுவுங்கள் மாமா!

அப்பா: என் முகத்தில் இல்லை! பொம்மை முகத்தில்! காது ஓரம், தாடை ஓரம், நாலு பக்கமும் நுரை தள்ளுகிறது!

(ப்ளோயர் நின்றது. இரண்டு பேரும் வண்டியின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேல் கட்டிலுக்குச் சரியாக முன்பக்கம், சிவப்பு முகம், வெளியே நீட்டிய நாக்கு, அந்த நாக்கின் நுனியிலும் ஒரு குமிழி.)

இவர்: மாமா... இதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம் என்றுதான் நான் சொன்னேன்.

அப்பா: கயிறு காற்றில் அறுந்துவிடும், ஸ்க்ரூ போடுங்கள் என்று நான்தான் வீடியோ காலில் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்க்ரூவுக்கு அடியில் ஒன்றுமே வைக்காமலா முறுக்கினீர்கள்?

இவர்: நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று அவசரப்படுத்தியதும் நீங்கள்தான் மாமா.

அப்பா: (தொண்டையைக் கனைத்துக்கொண்டு) சரி, அது போகட்டும். என்ன சாமான் வைத்திருக்கிறீர்கள்?

இவர்: இது கூரைக்கு. தானே பரவி மட்டமாகிவிடும், தோசை மாவு மாதிரி. ஸ்க்ரூ தலை எல்லாம் மூழ்குகிற அளவுக்கு ஊற்றினால் போதும். இன்னொன்று நிமிர்ந்து நிற்கிற பக்கத்துக்கு, வழியாது.

அப்பா: வடை மாவு.

இவர்: ஆமாம். அடியில் வைத்து அமுக்க பியூட்டில் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் பட்டையும் இருக்கிறது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் ஒழுங்காக ஒட்டாது, இன்று 13 இருக்கிறது. சாயங்காலத்துக்குள் அடித்துவிட்டால்...

அப்பா: வெளியே அடையுங்கள். உள்ளே அந்தப் பலகையைத் தொடாதீர்கள், கொஞ்சம் பிரித்துவிட்டு ஃபேன் போட்டு நாலைந்து நாள் காய விடுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் சட்டம் மொத்தமும் பன் ஆகிவிடும்.

இவர்: சரி மாமா. அப்போது பொம்மையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடட்டுமா?

அப்பா: கழற்றுங்கள்.

இவர்: அப்பாடா.

அப்பா: கழற்றி, முதுகு முழுக்க பியூட்டில் டேப் ஒட்டி, நாலு ஸ்க்ரூவுக்கும் வடை மாவு வைத்து, அதே இடத்தில் திரும்ப மாட்டுங்கள்.

இவர்: மாமா!

அப்பா: நாலு ஓட்டை போட்டாயிற்று மாப்பிள்ளை. அதை மூட ஏதாவது ஒன்று வேண்டுமே?