தணிக்கை வாரியம் தூங்கவில்லை, அப்படி ஒன்று இல்லவே இல்லை

"90களில் அமெரிக்க அரசின் தணிக்கை வாரியத்தை ஏமாற்றித்தான் கார்ட்டூன்களில் வயதுவந்தோர் ஜோக்குகள் நுழைந்தன" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் தவறு.

அமெரிக்காவில் டிவி கார்ட்டூனை ஒளிபரப்புக்கு முன் பார்த்து அனுமதி தரும் அரசு வாரியம் கிடையாது. ஒளிபரப்பைக் கவனிக்கும் அரசு ஆணையமான எஃப்சிசிக்கு முன்கூட்டியே தணிக்கை செய்ய சட்டமே இடம் தரவில்லை. ஸ்கிரிப்டைப் படித்து 'இதை எடு, அதை மாற்று' என்று சொன்னவர்கள் சேனலின் சொந்த ஆட்கள்தான். எழுத்தாளர்களுக்கும் அவர்களுக்கும் ஓயாத பேரம் நடக்கும். 'அனிமேனியாக்ஸ்' மாதிரித் தொடர்களில் நாம் பார்த்த பல இரட்டை அர்த்த வசனங்கள் அந்தப் பேரத்தைத் தாண்டி வந்தவை. எல்லாமே கண்ணில் படாமல் நழுவியவை என்று சொல்ல முடியாது. சேனல் 'முடியாது' என்றால் முடியாதுதான்: 'டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி'யின் 'ரூட் ரிமூவல்' குறும்படம் 90களிலேயே தயார், இணையத்தில் வெளியானதோ 2013இல்.

பக்ஸ் பன்னி கார்ட்டூன்களையும் அவர் இதில் சேர்த்திருக்கிறார். அந்தப் பழைய குறும்படங்கள் தியேட்டரில் பெரியவர்களும் பார்க்க எடுத்தவை. பிறகுதான் டிவி அவற்றைக் குழந்தைகள் நேரத்துக்குக் கொண்டுவந்தது. யாரை ஏமாற்ற?

'லயன் கிங்' படத்தில் பறக்கும் தூசி 'செக்ஸ்' என்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது என்பார்கள்; அது எஸ்எஃப்எக்ஸ், அதாவது எஃபெக்ட்ஸ் குழுவின் கையெழுத்து என்பதே படக்குழு தந்த விளக்கம். சரி, நிஜமாக நழுவியதும் உண்டு. 1977இல் வந்த 'தி ரெஸ்க்யூவர்ஸ்' படத்தில் இரண்டு ஃபிரேம்களில் ஒரு நிர்வாணப் படம். ஓடும் படத்தில் யார் கண்ணிலும் படாது. 1999இல் டிஸ்னி சுமார் 34 லட்சம் வீடியோ கேசட்டுகளைத் திரும்பப் பெற்றது. அது ஜோக்கும் இல்லை.