மேயர் நாற்காலிக்கு வருடக்கணக்கு முக்கியம்
'சென்னை மேயர் பதவி எப்போதுமே கோட்டைக்குப் போகும் படிக்கட்டு' என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1933-ல் ராஜா சர் முத்தையா செட்டியார் தொடங்கி 1973-ல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்படும் வரை மேயரின் காலம் ஒரே வருடம்தான். அதுவும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பது. நிர்வாக அதிகாரமோ அரசு நியமிக்கும் மாநகராட்சி கமிஷனர் கையில். ஒரு வருடத்தில் ஒருவர் எந்தச் செல்வாக்கைத் திரட்டுவார்? அந்தக் குறுகிய காலத்திலும் சென்னையின் குடிநீருக்கான பூண்டி நீர்த்தேக்கத்துக்காக முட்டி மோதிய மேயர் சத்தியமூர்த்தி அபூர்வம். 1940-ல் அடிக்கல் நாட்டி, 1944-ல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 23 வருட இடைவெளிக்குப் பின் 1996-ல் ஐந்தாண்டுக் காலம், மக்களின் நேரடி ஓட்டு என்று இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் ஸ்டாலினுக்கு நகரம் முழுக்க ஒரு தளம் கிடைத்தது. 2002-ல் ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்ற சட்டத் திருத்தம் வந்ததும் அவர் இழந்தது மேயர் பதவியை, எம்.எல்.ஏ. பதவியை அல்ல. மேயர் தேர்தல் 2006-ல் மறைமுகம், அதாவது கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பது; 2011-ல் நேரடி, 2022-ல் மறுபடி மறைமுகம். மறைமுகத் தேர்தலில் மேயருக்குச் சொந்தமாக இருப்பது தன் வார்டு ஓட்டு மட்டும்தான்.